பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

மே 5, திங்கள்

கல்யாண நாள். மூன்று வருடம் முடிந்தது. இவர் எனக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். முதல் வருடம் குக்கர், போன வருடம் மிக்ஸி. சமையலறையைத் தாண்டி வந்த முதல் பரிசு இதுதான்.

“சும்மா வீட்ல உக்காந்து போரடிக்குதுன்னு சொன்னீல்ல மோகனா, எதாச்சும் கோர்ஸ் படி” என்றார்.

“நெசமாத்தான் சொல்றீங்களா?” என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் தாராபுரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள் நான். கோயமுத்தூருக்கு வந்த பிறகு பஸ் நெரிசலில் நான் கஷ்டப்படக் கூடாது என்று இவர்தான் வேலைக்குப் போக வேண்டாம் என்றார்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து லேப்டாப்பில் எல்லாவற்றையும் அவரே போட்டுக் கொடுத்தார். இவருடைய கம்பெனியில் வேலையே அதுதான். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்கள் நிஜமாகவே வேலை செய்கிறார்களா என்று கண்காணிக்கும் மென்பொருளை எழுதுகிறார்கள். “எல்லாம் செட் பண்ணிட்டேன், நீ எதையும் நோண்ட வேண்டியதில்ல” என்றார். பிறகு உற்சாகமாகி எனக்கு ஒரு பாடமும் நடத்தினார். மாறக்கூடிய எதையும் புரோகிராமுக்குள் எழுதிப் புதைத்துவிடக் கூடாதாம். அதற்கு ஒரு பெயர் கொடுத்து வெளியே வைத்துவிட வேண்டுமாம். “அப்பத்தான் நாளைக்கு மாத்தறதுக்கு ஈஸி. நான் எப்பவுமே அப்படித்தான். அது ஒரு ஒழுக்கம்.” எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம் என்று பிள்ளைகளிடம் சொல்வேனே, அது மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

கல்லூரி நாளிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறேன். இப்போது சமையலறையில்தான் எழுதுவது. இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நோட்டை ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறேன். அங்கே தூசி வராது.

மே 12, திங்கள்

இணைய வகுப்பு தொடங்கியது. சொல்லித்தருபவர் திருச்சியிலிருந்து ரஃபீக் சார். முப்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் என்னைப் போல வேலையை விட்ட பெண்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஜெனிட்டா என்று ஒருத்தி, எதற்கெடுத்தாலும் “சார், ஒரு சம்சயம்” என்று கை தூக்குகிறாள். என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்.

இன்று கறுப்பு ஜன்னல். படம், பொத்தான் எதுவும் கிடையாது. நாம் எழுத்தில் கேட்டால் அது எழுத்தில் பதில் சொல்லும். கணினி தனக்குள்ளே பல விஷயங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மதிப்பு இருக்கிறது. echo %USERNAME% என்று அடித்தால் இந்தக் கணினி யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். அடித்தேன். navaneethan என்று வந்தது. லேப்டாப் என்னுடையது, பெயர் அவருடையது. கேஸ் இணைப்பு மாதிரி.

இல்லாத பெயரைக் கேட்டால் என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. echo %MOHANA% என்று அடித்தேன். அது அப்படியே %MOHANA% என்று திருப்பிச் சொன்னது. ஜெனிட்டாவும் அதையேதான் செய்திருப்பாள் போல, சாரிடம் கேட்டாள். “அப்படி ஒருத்தரை அதுக்குத் தெரியாதும்மா. தெரியலைன்னா நீங்க கேட்டதையே திருப்பிச் சொல்லிடும்” என்றார். நேர்மையான பிராணி.

சாயங்காலம் வத்தக்குழம்பு. இவர் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

மே 15, வியாழன்

சில சமயம் இவர் என் மனசைப் படித்துவிடுகிறாரோ என்று தோன்றுகிறது. மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தபோது லேப்டாப்பில் தாராபுரம் பஸ் நேரம் பார்த்தேன். போகவேண்டும் என்றுகூட இல்லை. இவர் வந்ததும், சட்டையைக் கழற்றியபடியே, “என்ன, ஊருக்குப் போகணும்னு தோணுதா?” என்றார்.

“இப்பத்தான பங்குனில போயிட்டு வந்தே” என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். மூன்று வருடம் கூடவே இருந்தால் இப்படித்தான் போலிருக்கிறது.

மே 19, திங்கள்

பழைய பள்ளி ஹெச்.எம். மேடத்துக்கு லேப்டாப்பில் ஒரு மெயில் போட்டேன். இணையத்தில் டியூஷன் மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். கிடைத்த பிறகு இவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

மே 20, செவ்வாய்

வெயில் அதிகம்.

மே 21, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. துணி காயப்போட பால்கனிக்குப் போயிருந்தேன். இவர் மத்தியானம் ஏதோ எடுக்க வீட்டுக்கு வந்தவர், என்னைக் கவனிக்காமல் உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டார். நாலாவது மாடி. கத்திரி வெயில். போன் உள்ளே. எதிர் பிளாட் காலி. தட்டிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். பிறகு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு சாண் நிழலில் உட்கார்ந்திருந்தேன். துண்டும் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது.

சாயங்காலம் வந்து திறந்தார். “அடடா, மறந்துட்டேன்மா” என்றார். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஹெச்.எம். எப்படி இருக்காங்க?” என்றார்.

உதடு வெடித்திருக்கிறது. வெண்ணெய் தடவியிருக்கிறேன்.

மே 23, வெள்ளி

அம்மா கூப்பிட்டாள். பால்கனி சங்கதியைச் சொன்னேன். “ஆம்பளைங்களுக்கு ஆயிரம் ஞாபகம் இருக்கும் கண்ணு. நீதான் சூதானமா இருந்துக்கோணும்” என்றாள். அப்பா பக்கத்தில் இருந்திருக்கிறார். மாப்பிள்ளை போன வாரம் தனக்கு மாத்திரை அனுப்பி வைத்ததைச் சொன்னார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என்னிடம்தான் ஏதோ கோளாறு.

மே 28, புதன்

பிளவுஸ் தைக்கக் கீழே முதல் மாடியில் பரிமளா அக்காவிடம் போனேன். இவர் எனக்குத் தனியாகப் போக அனுமதித்திருக்கும் ஒரே இடம் அது. (அனுமதித்திருக்கும் என்றா எழுதினேன்? சரி, இருக்கட்டும்.)

அக்கா அளவெடுக்க என் கையைத் தூக்கினாள். தோளில் வெயில் பட்டு உரிந்திருந்ததைப் பார்த்து அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். “ஏங்கண்ணு, வயல் வேலைக்கா போயிட்டு வந்தே?”

சிரித்தேன். துணி காயப்போட்டேன் என்றேன்.

“துணி காயப்போட்டா துணிதான் காயும்” என்றாள். போன அளவை விட ஒரு இஞ்ச் குறைந்திருக்கிறேனாம்.

ஜூன் 2, திங்கள்

மெதுவாக எழுதுகிறேன்.

இன்றைய பாடம்: set என்று அடித்தால் கணினிக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களும் அவற்றின் மதிப்புகளும் வரிசையாக வரும். வீட்டுப்பாடம், நம் பட்டியலை சார் காட்டிய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எல்லாக் கணினியிலும் இருப்பவை எவை, நம்முடையதில் மட்டும் இருப்பவை எவை? எனக்கு இது பிடித்த வேலை. விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் வந்தபோது நான்கு வரி சாரிடம் இல்லை.

KAVAL_WHO=wife
KAVAL_EVERY=10
KAVAL_KEEP என்று ஏதோ ஒரு போல்டரின் பெயர்.
KAVAL_SEND என்பதற்கு நேராக இவருடைய மெயில் முகவரி.

காவல். யாரை என்றால், மனைவியை. எவ்வளவுக்கு ஒரு முறை, பத்து. யாருக்கு அனுப்ப, இவருக்கு.

எதையும் உள்ளே புதைக்கக் கூடாது, பெயர் வைத்து வெளியே வைக்க வேண்டும் என்றாரே, அந்த ஒழுக்கம்தான். யார் கேட்டாலும் சொல்லும் கணினியிடம் வைத்திருக்கிறார். நான் கேட்பேன் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஏதாவது வைரஸ் தடுப்பாகவும் இருக்கலாம்.

ஜூன் 3, செவ்வாய்

வைரஸ் தடுப்பு இல்லை.

அந்த போல்டரைத் திறந்தேன். முழுக்கப் படங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று, பெயரே நேரம்தான். ஒன்றைத் திறந்தேன். என் திரை. நான் பார்த்துக்கொண்டிருந்த அவியல் செய்முறை. இன்னொன்றில் தாராபுரம் பஸ் நேரம். இன்னொன்றில் ஹெச்.எம். மேடத்துக்கு நான் எழுதிய மெயில், பாதி வாக்கியத்தோடு. “உங்களால் முடிந்தால்” என்று நிற்கிறது.

மனசைப் படிக்கிறார் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறேன், பதினைந்தாம் தேதி. பைத்தியக்காரி.

நேற்று நான் பட்டியலைப் பார்த்த நேரத்தின் படத்தைத் தேடினேன். இருக்கிறது. ரஃபீக் சார் பெரிதாக, மூலையில் கறுப்பு ஜன்னல் சின்னதாக. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தால் படிக்க முடியுமா? எனக்குப் பெரிதாக்கிப் பார்க்கத் தைரியம் இல்லை. அவர் பார்த்திருப்பாரா?

ஒரு புதுப் படம் வந்து விழுந்ததும் அடுத்தது வர பத்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அவியல் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

ஜூன் 4, புதன்

கணக்கு டீச்சருக்கு நிரூபணம் வேண்டும். மத்தியானம் முழுக்க ஒரே ஒரு சேலைப் படத்தைத் திரையில் திறந்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள் பார்டர். எனக்குப் பிடிக்காத நிறம்.

ஜூன் 5, வியாழன்

“ஆடித் தள்ளுபடி வரட்டும், உனக்கு மயில் கழுத்துக் கலர்ல ஒண்ணு எடுக்கலாம்” என்றார் இவர். தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி கீழே விழவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

இனி இவர் என்று எழுத வரவில்லை. நவநீதன்.

நவநீதன் பால்கனிக் கதவை மறந்து பூட்டவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்றைய பாடத்தில் சார் ஒரு விஷயம் சொன்னார். கறுப்பு ஜன்னலைத் திறக்கிற நேரத்தில் என்ன மதிப்பு இருந்ததோ, அதையே அந்த ஜன்னல் மூடுகிறவரை பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே யாராவது மாற்றினால் அதற்குத் தெரியாது. புது ஜன்னல் திறந்தால்தான் புது மதிப்பு தெரியும்.

வெள்ளிக்கிழமை திறந்த ஜன்னலை நான் மூடாமல் சுருக்கி வைத்திருந்தேன். அதில் echo %KAVAL_EVERY% என்று கேட்டேன். 10. சரி. பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்தேன். அதே கேள்வி.

1.

பழைய ஜன்னலில் பத்து, புது ஜன்னலில் ஒன்று. இந்த மூன்று நாளில் ஏதோ ஒரு நேரத்தில் நவநீதன் மாற்றியிருக்கிறார். இப்போது நிமிடத்துக்கு ஒரு படம். ஏதோ சந்தேகம் வந்திருக்கிறது. நான் கேட்ட இந்தக் கேள்விகூட இந்நேரம் படமாகி அவர் ஆபீஸ் மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டு ஜன்னலையும் மூடினேன். எழுந்து போய்ப் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். உள்பக்கம்தான் இருக்கிறது. அது எப்போதும் உள்பக்கம்தான் இருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டில் பொரியல் நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

நவநீதன் இன்று சீக்கிரம் வந்தார். கையில் ஒரு கிலோ மல்கோவா. தானே தோல் சீவித் துண்டு போட்டுத் தட்டை என் முன்னால் வைத்தார். லேப்டாப்பையும் கொண்டு வந்து வைத்தார்.

“எங்க, கத்துக்கிட்டத எனக்குப் போட்டுக் காமி பாக்கலாம்.”

“என்னங்க காட்டறது?”

“அதான், லிஸ்ட் வருமே. செட்.”

செட் என்ற பெயரை நான் அவரிடம் சொன்னதில்லை.

அடித்தேன். வரிசையாக வந்தது. “படி” என்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அந்த நான்கு வரி நெருங்கிக்கொண்டே வந்தது. சட்டென்று தாவிப் போய்விடலாமா? மெதுவாகப் படிக்கலாமா? தாண்டினாலும் மாட்டுவேன், தயங்கினாலும் மாட்டுவேன்.

அப்போது என் வகுப்பு ஞாபகம் வந்தது. பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிற பிள்ளை, நான் பக்கத்தில் போனால் தாளை விட்டுக் கண்ணை எடுக்காது. காப்பியடிக்காத பிள்ளைதான் நிமிர்ந்து பார்த்து, டீச்சர் இது என்ன என்று சந்தேகம் கேட்கும்.

நிமிர்ந்தேன். “ஏனுங்க, இதென்ன காவல்னு ஒண்ணு இருக்குது? உங்க மெயிலும் இருக்குது. சார் லிஸ்ட்ல இது இல்லீங்களே. நான் நேத்தே இதை எக்கோ போட்டுக்கூடப் பாத்தேன், நம்பர்தான் வருது. எதாச்சும் தப்பாத் தொட்டுட்டனா?”

அவர் ஒரு முறை திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“அது வைரஸ் வராம இருக்கறதுக்கு” என்றார்.

“அப்ப வீட்டுப்பாடத்துல வைரஸ் தடுப்புன்னு எழுதிக்கட்டுங்களா?”

“எழுத வேண்டாம். விட்ரு.” பிறகு சிரித்தார். ஒரு துண்டு மாம்பழத்தை எடுத்து என் வாயில் வைத்தார். தின்றேன். குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

புது ஜன்னல் திறந்து கேட்டேன். கேட்டால் என்ன, வீட்டுப்பாடம்தானே, அவர் பார்த்தாலும் பரவாயில்லை.

10.

நம்பிவிட்டார். அவர் நம்புகிறாரா சந்தேகப்படுகிறாரா என்பதற்கு ஒரு எண் இருக்கிறது, அதை நான் கேட்டால் கணினி சொல்லிவிடும். மூன்று வருடமாக அவர் முகத்தைப் பார்த்து இன்றைக்கு என்ன நடக்கும் என்று ஊகித்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வரி அடித்தால் போதும். சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பயம் அப்படியே இருக்கிறது. முன்பு கண்ணைக் கட்டிக்கொண்டு பயந்தேன், இப்போது கண்ணைத் திறந்துகொண்டு பயப்படுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

பரிமளா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். சத்தம் இருந்தால் வெளியே கேட்காது என்பதற்காக வெறும் மெஷினை மிதித்தாள். ஊசியில் நூலே இல்லை.

“உங்கொம்மா வீட்டுக்கு வேண்டாம் கண்ணு” என்றாள். “மொதல்ல அங்கதான் வந்து நிப்பான். உங்கொப்பாவே வெத்தலை பாக்கு வெச்சு அனுப்பி உட்ருவாரு.”

அவளோடு தையல் பயிற்சியில் படித்த சகாயமேரி திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாராம். அக்கா தன் போனிலிருந்தே பேசினாள். அடுத்த திங்கள் அக்கா வழக்கமாக ஒரு கடைக்குத் தைத்த பிளவுஸ் மூட்டையை ஆட்டோவில் கொண்டுபோகும் நாள். கூடமாட ஒத்தாசைக்கு நான் ஏறினால் வாட்ச்மேன் எதுவும் நினைக்க மாட்டார்.

“அங்க போயி?” என்றேன்.

“போயி மொதல்ல வகுறு நெறையச் சோறு தின்னு. அப்பறம் யோசிக்கலாம்.”

ஜூன் 18, புதன்

மதிப்பு 10. வெண்டைக்காய் மோர்க்குழம்பு. என் சான்றிதழ்களை இரண்டு பிளவுஸ் துணிக்கு நடுவில் மடித்து வைத்து அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

10.

ஜூன் 22, ஞாயிறு

நவநீதன் நாள் முழுக்க வீட்டில். ரசம் வைத்தேன். உப்பு போட்டேனா என்று ஞாபகம் இல்லாமல் இரண்டாம் முறையும் போட்டுவிட்டேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன யோசனை?” என்றார். பரீட்சை வருகிறது என்றேன். டம்ளரை நகர்த்தி வைத்தார். வைத்த சத்தத்தில் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அதையும் பார்த்தார்.

ஜூன் 23, திங்கள், காலை

ஆபீஸ் போய்விட்டார். கறுப்பு ஜன்னலைத் திறந்து கேட்டேன்.

1.

ரசம்தான். அல்லது நான் துள்ளியது. எதுவென்று தெரியவில்லை. நிமிடத்துக்கு ஒரு படம் போகிறது. நான் மேஜையை விட்டு எழுந்தால், திரை அசையாமல் கிடந்தால், போன் வரும். போனை எடுக்காவிட்டால் அவரே வருவார். அக்கா கீழே ஆட்டோவோடு நிற்பாள். இன்றைக்கு வேண்டாம், மதிப்பு பத்தாகட்டும், அப்புறம் போகலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசுதான் மூன்று வருடமாக என்னைச் சமைக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

ரஃபீக் சாரின் பழைய வகுப்புகள் எல்லாம் பதிவாக இருக்கின்றன. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். சார் பேசுவார், எழுதுவார், அழிப்பார், ஜெனிட்டா கை தூக்குவாள். திரை நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கட்டும். ஒவ்வொரு படத்திலும் நான் படித்துக்கொண்டிருப்பேன். நிமிடத்துக்கு ஒன்றாகப் பார்க்கிறவருக்கு எதற்குச் சந்தேகம் வரும்?

முதல் வகுப்பைப் போட்டுவிட்டேன். போனைப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். தாலி கழுத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். பால்கனிக் கதவை நானே தாழ் போட்டேன்.

கீழே ஹாரன். அக்கா.

ஜூன் 24, செவ்வாய், திண்டுக்கல்

பல்லடம் தாண்டும்வரை பஸ்ஸில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவருடைய கார்தான். தாராபுரம் வழியாகத்தான் பஸ் வந்தது. எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போனபோது அம்மா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சகாயமேரி சிஸ்டர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். குள்ளமாக, பெரிய கைப்பையோடு. “நீதானம்மா மோகனப்ரியா? மொதல்ல சாப்புடு” என்றார். இவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள் போல. சாப்பிட்டு முடித்ததும் மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். என் சொந்த விருப்பத்தில்தான் வந்தேன், ஏன் வந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். பால்கனி என்ற வார்த்தையை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. சிஸ்டர் என் முதுகில் கை வைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 26, வியாழன்

பரிமளா அக்கா சிஸ்டரின் போனில் பேசினாள். நவநீதன் திங்கள்கிழமை எப்போது கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

“எங்க கண்டுபுடிச்சான்? சாயந்தரம் எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வந்தான். கையில மல்லிப்பூ. மேல போனான். கொஞ்ச நேரத்துல எறங்கி வந்து, எம்பட வீட்டு வாசல்ல நின்னுட்டு, ‘அவ கிளாஸ்ல இருந்தாளே, இப்ப வரைக்கும் கிளாஸ்ல இருந்தாளே’ன்னு அதையே சொல்லிட்டு நின்னான். அளவு பிளவுஸ் குடுத்துட்டுப் போச்சு, அப்பறம் பாக்கலீன்னு சொல்லிட்டேன்.”

கேட்டுவிட்டுச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காலையில் என் காலி நாற்காலிக்கு முன்னால் ஓடத் தொடங்கிய வகுப்பை அந்த மனிதர் சாயங்காலம்வரை நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த நாளே தாராபுரம் போயிருக்கிறார். அம்மா அழுகிறாளாம். அப்பா பேசவில்லையாம். ஸ்டேஷனிலிருந்து நவநீதனைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். அதோடு நிற்பாரா? தெரியாது. சாப்பிடும்போது கதவைப் பார்த்தபடிதான் உட்காருகிறேன்.

ஜூன் 30, திங்கள்

விடுதி அலுவலகத்தில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. தங்கியிருக்கும் பெண்களின் பெயர்களை ஏற்றித் தர முடியுமா என்று சிஸ்டர் கேட்டார். சரி என்றேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், கதவு தெரிகிற மாதிரி. ஆனாலும் சுட்டியைத் தொடக் கை வரவில்லை. இந்தத் திரையும் எங்கோ ஒரு மேஜைக்குப் போகிறதோ? இது அவர் தொட்ட கணினி இல்லை, இந்த ஊரே அவருக்குத் தெரியாது என்று புத்திக்குத் தெரிகிறது. விரலுக்குத் தெரியவில்லை.

கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். set அடித்தேன். ஒவ்வொரு வரியாக, டிக் போடாமல், விரல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை. எல்லாம் சார் காட்டிய பட்டியலில் இருப்பவைதான்.

அப்படியும் மனசு ஆறவில்லை. நேராகவே கேட்டுவிடலாம் என்று அடித்தேன்:

echo %KAVAL_WHO%

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மாடி அறைப் பெண் ஒருத்தி, காய்கறிப் பையோடு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

திரையைப் பார்த்தேன்.

%KAVAL_WHO%

அப்படி ஒருத்தியை அதற்குத் தெரியாது. நான் கேட்டதையே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு முறை கேட்டேன். அதையே சொன்னது. மூன்றாவது முறை கேட்டபோது கதவைப் பார்க்கவில்லை.